அன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கும்

பங்குனி மாதம் வந்தால் எங்கள் சிறையில் மயிலாப்பூர்க்காரர்களுக்கு வயிற்றுவலி வரும். ரம்சானுக்கும் பக்ரீத்துக்கும் மீர்சாகிப்பேட்டைக்காரர்களுக்குக் காய்ச்சல் வரும். நான் சொல்வது கைதிகளை அல்ல. அவர்களைக் காவல் காத்த வார்டர்களாகிய எங்களை.

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தென்னந்தோப்புக்கு நடுவில் அந்தச் சின்னச் சிறை இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் இல்லை. உப்புக் காய்ச்சியவர்களும் கள்ளுக்கடை மறியல் செய்தவர்களும் வந்து நிறைந்த வருஷங்கள் அவை. கொட்டடிகளில் காலை நீட்ட இடமில்லை. கைதிகள் கூடினார்களே தவிர வார்டர்கள் கூடவில்லை. சிக்கனம் என்று மேலேயிருந்து உத்தரவு. ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால் அவர் இடத்துக்கு ஆள் போடமாட்டார்கள். அவருடைய டூட்டி மற்றவர்கள் தலையில் ஏறும். காலையில் உள்ளே போனவன் மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது, "அடுத்த ஆள் வரல, நீயே நில்லு" என்பார்கள். நிற்க வேண்டியதுதான்.

லீவு கேட்டால், ஆள் இருந்தால் தருகிறோம் என்று பதில் வரும். ஆள் ஒருநாளும் இருந்ததில்லை. மறுக்க முடியாத லீவு ஒன்றே ஒன்றுதான்: சிக் லீவு. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. மீர்சாகிப்பேட்டைக்காரர்கள் பண்டிகைக்கு அவர்கள் சிக், மயிலாப்பூர்க்காரர்களாகிய நாங்கள் நிற்போம். அறுபத்து மூவர் திருவிழாவுக்கு நாங்கள் சிக், அவர்கள் நிற்பார்கள். இதைப் பார்த்துக்கொண்டவர் மீர்சாகிப்பேட்டையைச் சேர்ந்த ஹெட் வார்டர். நாங்கள் அவரை பாய் என்போம். சிறை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சடங்குக்காக "எங்கே வலி?" என்று கேட்பார். கையை எங்கே வைத்துக் காட்டுகிறோமோ அதை எழுதிக்கொள்வார். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. மூச்சு விடுவதற்கு ஒரு சந்து, அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் அந்தச் சந்தில் நுழையத் தெரியவில்லை. நான் கூச்சக்காரன். தங்கையின் கல்யாணத்துக்காக ஒருமுறை கம்பவுண்டர் முன்னால் போய் நின்றேன். "எங்கேப்பா வலிக்குது?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. கடைசியில், "தெரியலீங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து சிறையில் எனக்குப் பெயரே 'தெரியலீங்க' ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் சிக் பக்கமே போகவில்லை. திருவிழாவன்றும் டூட்டியில்தான் நிற்பேன்.

அந்த வருஷம் அப்படி நிற்க முடியாமல் போயிற்று.

மயிலாப்பூர் கோயிலில் சுவாமியைத் தோளில் தூக்கும் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. வெள்ளி விமானத்தைத் தாங்குகிற மூங்கில் தண்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு தோள் இடம் உண்டு. அதுவரை அப்பா தூக்கிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு போயிற்று. தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவராக ஒருவர் இருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம், உறவு ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார்.

"சாமி கெழக்கு வீதியிலேருந்து மொத மூலை திரும்புறதுக்குள்ள உங்க வூட்டுத் தோள் தண்டுல இருக்கணும். இல்லாங்காட்டி எடம் அடுத்த வூட்டுக்குப் போயிடும். நான் சொல்லல நைனா, வழக்கம் அப்படி."

அடுத்த வீட்டுக்காரன் அப்போதே தோளுக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

எனக்கு லீவு கிடைக்காது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார்.

"ஏண்டா, உள்ள கீறவனுக்காவது விடுதலைத் தேதின்னு ஒண்ணு கீது. உனக்கு இன்னா கீது?"

அந்த இடத்தை விடக்கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். கம்பவுண்டர் முன்னால் எப்படி நிற்பது, வயிற்றை எந்தப் பக்கம் பிடித்துக்கொள்வது என்று வீட்டில் யாரும் இல்லாதபோது பழகிக்கூடப் பார்த்தேன்.

அந்தப் பழக்கமும் வீணாயிற்று. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் துரை. எங்கள் சூப்பரின்டெண்ட் ஒரு வெள்ளைக்கார டாக்டர். பட்டாளத்து டாக்டர்களைச் சிறைக்குப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். முந்தின பங்குனியில்தான் புதிதாக வந்திருந்தார். திருவிழாவன்று பாதிச் சிறை வயிற்றுவலியில் போயிருந்ததைப் பார்த்தார். சாயங்காலம் அவர் கார் கச்சேரி ரோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலில் எங்கள் வயிற்றுவலிக்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். காருக்குள் இருப்பது யார் என்று குனிந்து பார்க்காமல், யாரோ தாகத்தோடு இருக்கிறார் என்று ஜன்னல் வழியாக ஒரு குவளையை நீட்டியிருக்கிறார். துரை வாங்கிக் குடித்தாராம். குடித்துவிட்டு, "உன் வயிறு எப்படி இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டாராம். மோர்க்காரர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு குவளை ஊற்றியிருக்கிறார்.

இந்த வருஷம் துரை முன்னாலேயே உத்தரவு போட்டுவிட்டார். பண்டிகை நாளில் சிக் என்று வருகிற ஒவ்வொருவரையும் அவரே மேஜையில் படுக்கவைத்துச் சோதிப்பார். நோய் இல்லை என்று தெரிந்தால் வேலை இல்லை.

இரண்டாவது காரணம் பிறை. காலண்டர்படி பக்ரீத் திருவிழாவுக்கு முந்தின நாள் வரவேண்டும். அதை நம்பி, முதல் நாள் அவர்களுக்கு, மறுநாள் எங்களுக்கு என்று பாய் எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தார். பக்ரீத்துக்குப் பத்து நாள் முன்னால், பிறை பார்க்கவேண்டிய அன்று வானம் மூடிக்கொண்டது. ஒரு நாள் தள்ளித்தான் பிறை தெரிந்தது. பக்ரீத் சரியாக அறுபத்து மூவர் நாளிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

சிறைக்குப் பின்னால் கிணற்றடியில் எல்லோரும் கூடினோம். இரண்டு பக்கமும் முகம் கடுத்திருந்தது.

"காலண்டர நம்பி எங்கள கவுத்துட்டியே பாய்," என்றார் மோர்க்காரர்.

"பிறைய நானா மறைச்சேன்? மேகம் மறைச்சிச்சி. போய் மேகத்தக் கேளு."

"உங்க சாமியும் எங்க சாமியும் ஒரே நாள்ல டூட்டிக்கு வந்துட்டாங்க. நாம யாருக்கு நிக்கிறது?"

"நீ பேசாத. நீ துரைக்கு மோர் ஊத்தலன்னா இந்த வம்பே கெடயாது."

"கண்ணாடிக்குள்ள மூஞ்சி தெரியல பாய்!"

"தொப்பி தெரிஞ்சிச்சா இல்லியா?"

சிரிப்பு அடங்கியது. நான் கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்.

"தொழுகை காலைல. சாமி பொறப்படுறது மத்தியானத்துக்கு மேல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"அட, தெரியலீங்க வாயத் தொறந்துட்டாம்பா," என்றார் மோர்க்காரர். "இன்னா சொல்ற, முழுசா சொல்லு."

சொன்னேன். காலையில் நாங்கள் ஒருவருக்கு இரண்டு இடமாகப் பார்த்துக்கொள்வோம். அவர்கள் தொழுதுவிட்டு, குர்பானி கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு உச்சிக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் நாங்கள் கிளம்புவோம். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா சிக்குல அரை நாள் கெடயாது. காலைல காய்ச்சல் வந்து உச்சிக்கு வுட்டுடிச்சின்னா எந்த டாக்டர் நம்புவான்? அதுவும் அத்தினி பேருக்கும்?"

"சிக் வேணாம்," என்றேன். "லீவுன்னே கேக்கலாம்."

அந்த யோசனை யாருக்கும் அதுவரை வந்ததில்லை. லீவை லீவு என்று கேட்டு அங்கே பல வருஷம் ஆகியிருந்தது. யார் கேட்பது என்று அடுத்த கேள்வி. பாய் சுற்றிலும் பார்த்துவிட்டு என் மேல் கண்ணை நிறுத்தினார்.

"சிக்குல போனவன் போய் நின்னா துரை மூஞ்சியப் பாத்தே சிரிப்பாரு. சிக்கே போவாதவன் இங்க ஒர்த்தன்தான் கீறான்."

நான் மறுத்தேன். கெஞ்சினேன். முதலில் ஜெயிலரிடம் போகலாம் என்றேன். அவர் கேட்டுவிட்டால் நான் பேச வேண்டாமே என்ற எண்ணம்தான். ஜெயிலர் மயிலாப்பூர் மாட வீதிக்காரர். நல்ல மனுஷர். திருவிழாவன்று வருஷம் தவறாமல் அவருக்குத் தலைவலி வரும்.

"நான் எப்படிடா கேக்கறது?" என்றார் அவர், கதவைச் சாத்திவிட்டு. "உங்க வயித்துவலியைப் பத்தி நான் வாயைத் தொறந்தா என் தலைவலியும் சேர்ந்து வெளியிலே வந்துடும். திங்கக்கிழமை பரேடிலே நீயே சொல்லு. நான் அவருக்கு இங்கிலீஷிலே சொல்றேன். அது ஒண்ணுதான் என்னாலே ஆகும்."

திங்கட்கிழமை பரேடில் துரை எங்கள் வரிசைக்கு முன்னால் நடந்துபோவார். கடைசியில் "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்பார். யாருக்கும் ஒருநாளும் எதுவும் இருந்ததில்லை. அதனால் கேட்கும்போதே திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவார். அன்றும் திரும்பிவிட்டார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். பூட்ஸ் சத்தம் கேட்டு நின்றார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிணற்றடியில் பேசியதெல்லாம் மறந்துபோயிற்று. பின்னாலிருந்து பாயின் குரல் மட்டும் கேட்டது. "சொல்லு நைனா. இன்னா, வலிக்கவா போவுது?"

"ஐயா," என்றேன். "திருவிழா அன்னிக்கு எனக்கு உடம்பு நல்லா இருக்கும். லீவு வேணும்."

ஜெயிலர் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். ஜெயிலர் மறுபடி சொன்னார். துரையின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. அது சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

"நீங்கள் எல்லோரும் போய்விட்டால் சிறையை யார் பார்ப்பது?" என்று கேட்டார்.

அதற்குள் என் நாக்கு கழன்றுவிட்டது. உச்சி வரைக்கும் நாங்கள் நிற்போம், உச்சிக்கு மேல் அவர்கள் நிற்பார்கள் என்று முழுவதும் சொன்னேன். எதற்காக எனக்கு லீவு வேண்டும் என்றும், மூங்கில் தண்டு, முதல் மூலை, எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. துரை யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஆளுக்கு ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டால்தான் அவனவன் வெளியே போகலாம். மாற்றுக்கு ஆள் வரவில்லை என்றால் அவன் நிற்க வேண்டும், எந்தச் சாமி எந்த மூலையில் திரும்பினாலும் சரி.

அவர் போனதும் மோர்க்காரர் என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன்.

அந்த நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து நாங்கள் இரண்டு இரண்டு இடமாகப் பார்த்துக்கொண்டு ஓடினோம். கதர்க் குல்லாய் போட்ட கைதி ஒருவர் கம்பி வழியாக, "வார்டர், இன்னிக்கு எங்களைவிட நீங்கதான் உள்ள மாட்டிக்கிட்டீங்க," என்று சிரித்தார். வெயில் ஏற ஏற, திருவான்மியூர்ப் பக்கத்து ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பாலத்தை நோக்கிப் போவது கேட் வழியாகத் தெரிந்தது. எல்லோரும் மயிலாப்பூருக்குத்தான். உச்சியாயிற்று. மீர்சாகிப்பேட்டைக்காரர்களைக் காணோம். அவர்கள் அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

பொழுது சாய ஆரம்பித்தபோது ஓடி வந்தார்கள். அத்தர் வாசனையும் வியர்வையுமாக, சட்டைப் பொத்தானை வழியிலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். "லஸ்ஸுல ட்ராமே போவல. நடந்து, ஓடி, ஊந்து வந்தோம்," என்றார் பாய். ஒருவர் பின் ஒருவராகச் சாவி கைமாறியது. எங்களவர்கள் ஒவ்வொருவராக வெளியே பாய்ந்தார்கள். கடைசியில் நான் மட்டும் நின்றேன். என் இடத்துக்கு வரவேண்டியவர் வரவில்லை.

"எங்க பாய் அவரு?"

பாய் என் முகத்தைப் பார்க்காமல், "காய்ச்சல்பா," என்றார்.

கம்பவுண்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் அழுகை வந்தது.

"அல்லா மேல ஆணையா நெஜமான காய்ச்சல்! ஒர்த்தனும் நம்பலியே! இதோ ஜட்காவுல தூக்கிப்போட்டு இட்டாறச் சொல்லிக் கீறேன். துரை கண்ணாலயே பாக்கட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் ஜட்கா வந்தது. அந்த வார்டர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. துரை வெளியே வந்து நாடி பிடித்தார், வாயில் தர்மாமீட்டரை வைத்தார், எடுத்துப் பார்த்தார். உதறிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். ஜெயிலரிடம் ஏதோ சொன்னார்.

"நிஜமாவே காய்ச்சலாம்," என்றார் ஜெயிலர். "இந்தச் சிறையிலே அவர் பார்க்கிற முதல் காய்ச்சல் இதுதானாம்."

நோயாளியை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். நிபந்தனை நிபந்தனைதான். மாற்று ஆள் இல்லை. தூரத்தில் எங்கோ தாரை ஊதுகிற சத்தம் காற்றில் வந்தது. நான் கேட் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் தானே இரண்டு இடம் பார்ப்பதாகச் சொன்னார். துரை தலையசைத்து மறுத்தார். பிறகு அவர் மெதுவாகத் திரும்பி ஜெயிலரைப் பார்த்தார். முகத்தைக்கூட அல்ல. தலையை.

ஜெயிலர் அன்றைக்குப் புது வேட்டி கட்டி, விபூதி இட்டு, வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். தலை வலிக்கவேண்டிய நேரம் அது. அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

"குடுடா சாவியை."

"நீங்க சாமி பாக்கணுமே ஐயா..."

"நான் வருஷா வருஷம் பாக்கறவன். ஆத்துலே எல்லாரும் போயாச்சு, அவா பாத்தா போறும். நீ ஓடு. கோணல்மாணலாத் தூக்கிச் சாமியைச் சாய்ச்சுடாதே!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பண்டிகை நாட்களில் அரை நாள் முறை வெளிப்படையாகவே நடந்தது என்பதையும், காலியாகக் கிடந்த இடங்களில் சிலவற்றுக்குத் துரை மேலே எழுதி ஆள் வாங்கினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோர்க்காரர் அடுத்த வருஷம் பரேடில் அடி எடுத்து வைத்து, தண்ணீர்ப் பந்தலுக்கு என்றே லீவு கேட்டு வாங்கினார். ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

பாலத்தைக் கடந்தேன். சாந்தோம் வழியாக ஓடினேன். யூனிபாரம் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். கச்சேரி ரோட்டில் கால் வைக்க இடமில்லை. "வழி வுடுங்க, சாமி தூக்கணும்!" என்று கத்திக்கொண்டே புகுந்தேன். அது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஜனங்கள் ஒதுங்கினார்கள். ஒருவர் கையால் அழுத்தி முன்னால் தள்ளிவிட்டார்.

கிழக்கு வீதியின் கோடியில் வெள்ளி விமானம் நின்றிருந்தது. மூலை திரும்புவதற்கு முன்னால் தண்டை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இடத்தில், எண்ணெய் மினுக்கும் தோளோடு அடுத்த வீட்டுக்காரன் குனியப்போனான். ஓரத்தில் ஒரு கைவண்டியில் அப்பாவைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்தான் என்னை முதலில் பார்த்தார்.

"டேய் மாமா!" என்று தலைவரைப் பார்த்து அலறினார். "எம் புள்ள வந்துட்டான்டா! தள்ளச் சொல்றா அவன!"

தலைவர் திரும்பினார். என் கோலத்தைப் பார்த்தார்.

"இன்னாய்யா, ஜெயில ஒடச்சிக்கினு வந்தியா?"

"கேட்டு வாங்கிக்கினு வந்தேன் மாமா," என்றேன்.

அவர் அடுத்த வீட்டுக்காரன் முதுகில் தட்டி அவனை வெளியே எடுத்தார். நான் குனிந்து தண்டுக்குக் கீழே போனேன். கொம்பு முழங்கியது. எல்லோரும் ஒன்றாக எழுந்தோம். அந்தக் கனம் தோளில் இறங்கியபோது முழங்கால் ஒரு தரம் மடங்கி, பிறகு நிமிர்ந்தது. முன்னால் போகிறவனின் காலைப் பார்த்து என் காலை வைத்தேன். விமானம் மெல்லச் சாய்ந்து, நேராகி, மூலையில் திரும்பியது.

தெற்கு வீதி முழுவதும் தலைகள். அத்தனை பேரும் எங்கள் பக்கம்தான் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் நான் கூச்சத்தில் கண்ணைத் தாழ்த்தியிருப்பேன். அன்று தலையை நிமிர்த்திக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டே தூக்கிப் போனேன்.